செங்கோட்டையிலிருந்து ஒரு கடிதம்: பழைய கேமின் முதல் ஸ்டேஜைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் இளைஞர் இணைப்பில் வீடியோ கேம் தயாரிக்கும் படிப்புகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எந்த மென்பொருள் கற்க வேண்டும், எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும், வேலைக்குப் போனால் என்ன சம்பளம் என்றெல்லாம் இருந்தது, நல்லதுதான். ஆனால் விளையாடுகிற பிள்ளை நிற்கிற இடத்தைப் பற்றி, அந்தத் தரை, அந்தப் பள்ளம், அந்தச் சுவர் ஏன் அங்கே இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லெவல் டிசைன் என்று இப்போது சொல்கிறார்கள். எங்கள் வீடியோ கேம் கடையில் அதற்குப் பெயர் ஸ்டேஜ், சிலர் ரவுண்டு என்பார்கள். ஒரு கேம் நல்ல கேமா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ள இன்றைக்கும் சிறந்த வாத்தியார் 40 வருஷத்துக்கு முந்தைய கேம்கள்தான் என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் செங்கோட்டைக்காரன். 1990-களில் என் பெரியப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தார். நாலு சின்ன டிவி, அதில் மாட்டி கேம் விளையாடும் நாலு செட், மணிக்கு 10 ரூபாய், அரை மணிக்கு 5. பள்ளிக்கூடம் விட்டதும் கல்லாவில் உட்காருவது நான். எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர், அதனால் இங்கே பாதி வீடுகளில் இரண்டு மொழியும் புழங்கும். அப்போது மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுக்கு, மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. ஆரியங்காவு, தென்மலையிலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள் பிள்ளைகளை எங்கள் கடையில் உட்கார வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போவார்கள். புளியரை, பண்பொழிப் பையன்கள் சைக்கிளில் வருவார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவன் பக்கத்தில் மலையாளம் மட்டும் தெரிந்தவன் உட்கார்ந்திருப்பான். டிவியில் வரும் எழுத்தோ இங்கிலீஷ், செட்டில் செருகும் சில கேம் கேசட்டில் ஜப்பான் எழுத்து. அதை வாசிக்கத் தெரிந்தவர் கடையில் ஒருவரும் இல்லை. வாசிக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல்முறையாக ஜாய்ஸ்டிக்கைத் தொட்ட பையன் சாயங்காலம் ரயில் ஏறும்போது மாரியோவில் மூன்றாவது ஸ்டேஜ் தாண்டியிருப்பான்.

பெரியப்பா கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். புதிதாக வருகிறவனுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நாங்கள் பின்னால் நின்றுகொண்டு குதி, குதி என்று கத்தினால் அவருக்குக் கோபம் வரும். “சொல்லாதல, அவனே பாத்துக்கிடுவான்” என்பார். அவர் ஒரு நாள்கூட அந்த ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தவர் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது பையன்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தவர். சொல்லிக் கொடுத்தால் பையன் அரை மணியில் எழுந்து போய்விடுகிறான், தானே கண்டுபிடித்தால் ஒரு மணி நேரம் உட்காருகிறான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரர் கணக்கு அது. பல வருஷம் கழித்துத்தான், ஜப்பானில் மாரியோ கேமைச் செய்தவர்களும் இதையே நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985-ல் வந்தது. அதைச் செய்த ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி டெஸுகா இருவரும் ஸ்டேஜ்களைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தார்கள். அந்த முதல் ஸ்டேஜை இப்போது மறுபடி மெதுவாகப் பாருங்கள். மாரியோ திரையின் இடது ஓரத்தில், வலது பக்கம் பார்த்து நிற்கிறான். வலது பக்கம் முழுக்க வெறும் இடம். இடது பக்கம் போகவே முடியாது, திரை பின்னால் நகராது. ஆக எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு எழுத்துகூட இல்லாமல் பதில் வந்துவிட்டது. கொஞ்சம் நடந்ததும் கேள்விக்குறி போட்ட ஒரு பெட்டி மேலே மின்னுகிறது, எதிரே பழுப்பு நிறத்தில் ஒன்று முறைத்துக்கொண்டு நடந்து வருகிறது. குதிக்காமல் இருந்தால் செத்துப்போவாய். எங்கள் கடையில் முதல் தடவை அநேகமாக எல்லாருமே செத்தார்கள். செத்தால் என்ன நஷ்டம்? ஐந்தாறு வினாடி. ஸ்டேஜின் ஆரம்பத்திலேயேதான் செத்தோம், ஆரம்பத்திலேயேதான் மறுபடி நிற்கிறோம். தப்பு செய்ய வேண்டிய இடத்தைப் பார்த்து அதை வாசலிலேயே வைத்திருக்கிறார்கள்.

அடுத்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒன்றை முட்டினால் ஒரு காளான் வெளியே வரும். இதற்கு முன்னால் காளான் போலத் தெரிந்த ஒன்றுதான் நம்மைக் கொன்றது, அதனால் புதியவன் இதைக் கண்டதும் பயந்து விலகத்தான் பார்ப்பான். காளான் வலது பக்கம் ஓடும், சரி, போய்விட்டது என்று நினைக்கும்போது அங்கே இருக்கும் பச்சைக் குழாயில் முட்டித் திரும்பி நம்மை நோக்கி வரும். குதித்துத் தப்பிக்கலாம் என்று பார்த்தால் தலைக்கு மேலே பெட்டி வரிசை, அதில் தலை இடித்து நேரே காளான் மேலேயே விழுகிறோம். செத்தோம் என்று கண்ணை மூடினால் மாரியோ பெரியவனாகி நிற்கிறான். ஆரியங்காவுப் பையன் ஒருவன் அந்த நொடியில் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சிரித்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. காளான் நல்லது என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. குழாய் எங்கே இருக்க வேண்டும், பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று எண்ணி எண்ணி வைத்த இடம் அது.

அதே ஸ்டேஜில் இன்னும் தள்ளிப் போனால் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும், நடுவில் தரை. ஒன்றில் ஏறி அடுத்ததற்குத் தாவ வேண்டும், தவறினால் தரையில் விழுவாய், மறுபடி ஏறிக்கொள்ளலாம், உயிர் போகாது. உடனே அடுத்து அதே மாதிரி படிக்கட்டு ஜோடி, ஆனால் நடுவில் தரை இல்லை, பள்ளம். முதலில் பயமில்லாத இடத்தில் பழக்கிவிட்டு அப்புறம் அதே வேலையை உயிர் பணயமாகச் செய்ய வைக்கிறார்கள். நீச்சல் பழக்குகிறவர்கள் முதலில் படித்துறையில் இறக்கி, காலெட்டும் ஆழத்தில் கையைக் காலை அடிக்க விட்டு, பிறகுதான் நடுக்குளத்துக்குக் கூட்டிப் போவார்கள் இல்லையா, அதேதான். இவ்வளவும் அடங்கிய முழுக் கேமும் 40 கிலோபைட். இன்று காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு பூப்படம் அதைவிடப் பெரியது. இடம் பத்தாமல் மேகத்துக்கு வரைந்த அதே படத்துக்குப் பச்சை நிறம் கொடுத்துப் புதராக வைத்தார்கள். அவ்வளவு நெருக்கடியிலும் காளான் திரும்பி வர ஒரு குழாய் வைக்க அவர்களுக்கு மனம் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மியாமோட்டோ முதல் ஸ்டேஜை முதலில் செய்வதில்லை. பின்னால் வருகிற சுவையான ஸ்டேஜ்களைச் செய்து, இந்தக் கேமில் ஆட்டம் எது என்று தெரிந்துகொண்ட பிறகே, அதற்கு வாசலாக முதல் ஸ்டேஜைச் செய்வது அவர் வழக்கம் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கேம் செய்யும் நம் பிள்ளைகள் முதல் நாளே முதல் லெவலைச் செய்து முடித்து, அப்புறம் கடைசிவரை அதைத் திரும்பத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இது ஒன்றை மாற்றினாலே பாதி வித்தியாசம் தெரியும்.

இனி நான் சொந்தமாகக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடத்தைப் பற்றி. மாரியோ இல்லை, டேங்க். பேட்டில் சிட்டி என்பது அதன் பெயர், 1985-ல் நாம்கோ நிறுவனம் செய்தது, எங்களுக்கு அது டேங்க்தான். கீழே நடுவில் கழுகு, அதைச் சுற்றிச் செங்கல் சுவர், மேலேயிருந்து ஒரு ஸ்டேஜுக்கு 20 எதிரி டேங்குகள் வரும், கழுகு அடிபட்டால் ஆட்டம் முடிந்தது. நம் குண்டே பட்டாலும் முடிந்ததுதான். மொத்தம் 35 ஸ்டேஜ். அதன் முதல் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வரி இருக்கும், அதை அழுத்தினால் வெறும் கறுப்புத் திடல் வரும், செங்கல், இரும்பு, தண்ணீர், மரம், பனி என்று நம் இஷ்டத்துக்கு அடுக்கி நாமே ஒரு ஸ்டேஜ் கட்டலாம். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாமலேதான் அதற்குள் போனேன். அந்த வசதியை அந்தக் காலத்திலேயே வைத்த மனிதர்களுக்கு நான் கடன்பட்டவன்.

கூட்டம் இல்லாத மத்தியானங்களில் ஸ்டேஜ் கட்டிக்கொண்டே இருப்பேன். முதலில் எல்லாப் பையன்களையும் போல நானும் கழுகைச் சுற்றி இரும்பாக வைத்தேன், இரும்பைச் சாதாரணக் குண்டு துளைக்காது. விளையாடிப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் சலித்துவிட்டது, தோற்க முடியாத இடத்தில் கைக்கு வேலையே இல்லை. அடுத்து கழுகைச் சுற்றித் தண்ணீர் வைத்தேன். டேங்க் தண்ணீரைத் தாண்டாது, ஆகவே தப்பித்தோம் என்று கணக்கு. ஆனால் குண்டு தண்ணீருக்கு மேலே பறந்து வரும்! முதல் டேங்கே எட்ட நின்று கழுகை அடித்துவிட்டது. அப்போதுதான் தண்ணீர் என்றால் என்ன என்று எனக்கு உண்மையாகப் புரிந்தது. அது சுவர் இல்லை, நடக்க முடியாத ஜன்னல். மரம் அதற்கு நேர் எதிர், நடக்கலாம், ஆனால் பார்க்க முடியாது. செங்கல் கரைந்துகொண்டே போகிற சுவர், ஆட்டம் நடக்க நடக்க ஸ்டேஜின் வடிவமே மாறும். ஐந்தே பொருள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், இரண்டைப் பக்கத்தில் வைத்தால் மூன்றாவதாக ஒரு சங்கதி பிறக்கும். கேமின் முதல் ஸ்டேஜைப் போய்ப் பார்த்தேன், பெரும்பாலும் செங்கல், கொஞ்சம் இரும்பு, வேறு ஒன்றும் இல்லை. மரமும் தண்ணீரும் பனியும் பின்னால் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிய என் ஸ்டேஜ்கள் ஏன் குப்பையாக இருந்தன என்று அன்றைக்குத் தெரிந்தது.

கரண்டு போனால் கட்டியது எல்லாம் போய்விடும், அந்தச் செட்டில் சேமித்து வைக்க வழி கிடையாது. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எங்கள் ஊரிலும் காற்றும் சாரலும்தான், கரண்டு எப்போது போகும் என்று தெரியாது. அதனால் ஸ்டேஜைக் கணக்கு நோட்டில் வரைய ஆரம்பித்தேன், செங்கலுக்கு ஒரு குறி, தண்ணீருக்கு ஒரு குறி, 13-க்கு 13 கட்டம். மியாமோட்டோவும் தாளில்தான் வரைந்தார் என்று பின்னாளில் படித்தபோது அந்த நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

2015-ல் மாரியோவைச் செய்த நிண்டெண்டோ நிறுவனமே சூப்பர் மாரியோ மேக்கர் என்று ஒன்று வெளியிட்டது, யார் வேண்டுமானாலும் மாரியோ ஸ்டேஜ் செய்து உலகத்துக்குக் கொடுக்கலாம். அதில் ஒரு நிபந்தனை உண்டு, நீ செய்த ஸ்டேஜை நீயே ஒரு தடவை முழுசாகத் தாண்டிக் காட்டினால்தான் மற்றவர்களுக்குப் போகும். அருமையான நிபந்தனை. கேம் படிப்பு சொல்லித் தருகிற ஒவ்வொரு கல்லூரியும் இதை முதல் விதியாக எழுதி ஒட்ட வேண்டும். தான் தாண்டினால் மட்டும் போதாது என்பேன் நான், பக்கத்து வீட்டுப் பிள்ளை தாண்ட வேண்டும், நீ வாயை மூடிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும்.

பேய்களிடம் சிக்காமல் பாதைகளில் ஓடிப் புள்ளிகளைத் தின்கிற பேக்மேன் கேம் பற்றிச் சுருக்கமாக. 1980, செய்தவர் தோரு இவாதானி. ஸ்டேஜ் மாறவே மாறாது, முதலிலிருந்து கடைசிவரை அதே பாதைகள், அதே 240 புள்ளி, 4 பெரிய புள்ளி. பின் ஏன் சலிக்கவில்லை? நாலு பேய்க்கும் நாலு புத்தி. சிவப்பு நம்மையே துரத்தும், இளஞ்சிவப்பு நாம் போகிற திசையில் நாலு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும், ஆரஞ்சு கிட்டத்தில் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிப் போய்விடும். அதோடு எல்லாப் பேயும் நடுநடுவே சில வினாடிகள் துரத்துவதை விட்டுவிட்டுக் கலைந்து போகும், நமக்கு மூச்சு விட நேரம். இடம் என்பது சுவர் மட்டும் இல்லை, அங்கே யார் நடமாடுகிறார்கள் என்பதும் இடம்தான். தெருநாய்க்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியில் போன எல்லாருக்கும் இது தெரியும்.

1990-களின் கடைசியில் கம்ப்யூட்டர் கிளாஸ் வந்தது, கூடவே டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற கம்ப்யூட்டர் கேம்களும் வந்தன. டேவ், கோப்பையை எடு, கதவுக்குப் போ, அவ்வளவுதான், அதைச் செய்த ஜான் ரொமேரோ பிறகு டூம் என்ற சுடுகிற கேமைச் செய்தவர்களில் ஒருவர். டூம் 1993. அதன் முதல் ஸ்டேஜில் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே முற்றத்தில் நீல நிறக் கவசம் ஒன்று கிடக்கும். கதவு தெரியாது, வழி தெரியாது. ஆனால் பார்த்துவிட்டோம், இனி அதை எடுக்காமல் தூக்கம் வராது. சுவரைத் தடவித் தடவி ரகசிய வழியைக் கண்டுபிடிக்கும்போது, இந்தக் கேமில் சுவரை நம்பக் கூடாது என்ற பாடமும் சேர்ந்தே வந்துவிடும். பெர்சியாவில் வேறு ஒரு நேர்மை. ஜோர்டான் மெக்னர் 1989-ல் வெளியிட்டது, 60 நிமிஷத்தில் முடிக்க வேண்டும், விழுந்தால் முள், ரொம்பக் கடுமை. ஆனால் காலடியில் உடையப்போகிற கல் உடைவதற்கு முன்னால் ஆடும், சத்தம் போடும். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கொல்லும். செத்தவனுக்குக் கேம் மேல் கோபம் வராது, தான் கவனிக்கவில்லையே என்றுதான் வரும்.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. காசு போட்டு விளையாடுகிற இயந்திரங்களுக்காகச் செய்த பல கேம்கள் மூன்று நிமிஷத்தில் நம்மை வெளியே தள்ளி அடுத்த காசு கேட்பதற்காகவே கடினமாக வைக்கப்பட்டவை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத குண்டு, மனப்பாடம் செய்தாலொழியத் தாண்ட முடியாத இடம், அதெல்லாம் கெட்ட வடிவமைப்பு, அதைப் பழைய பாணி என்று சொல்லி இன்றைக்குக் காப்பி அடிக்க வேண்டாம். கான்ட்ரா என்ற சுடுகிற கேமை மூன்று உயிரோடு எங்கள் கடையில் முடித்தவன் ஒருவனோ இருவரோதான். மற்ற எல்லாரும் மேலே மேலே கீழே கீழே என்று பட்டன்களை அழுத்தி அந்த முப்பது உயிர் மந்திரத்தைப் போட்டுத்தான் விளையாடினோம். ஆனால் இன்றைய செல்போன் கேம் பலவற்றில் அந்த இயந்திரத்தின் கெட்ட குணம் மட்டும் திரும்பி வந்து, நல்ல குணம் வராமல் போனதுதான் எனக்கு வருத்தம். இருபதாவது லெவலில் வேண்டுமென்றே தாண்ட முடியாத ஒரு மேடு, தாண்ட வேண்டுமானால் விளம்பரம் பார், இல்லை காசு கட்டு. அது மேடு இல்லை, சுங்கச்சாவடி.

முதல் லெவலிலோ இதற்கு நேர் எதிர்க் கொடுமை. கையைப் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. ஒரு பெரிய விரல் படம் வந்து இங்கே தொடு என்று காட்டும், வேறு எங்கே தொட்டாலும் ஒன்றும் நடக்காது. தொட்டால் சபாஷ் என்று பட்டாசு வெடிக்கும். அப்புறம் விளக்கம் எழுதிய ஒரு பெட்டி, இங்கிலீஷில் நாலு வரி. இப்போது நான் வைத்திருக்கிற கடைக்குப் பெரியவர்கள் வரும்போது கூட வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், ஒரு பெட்டியைக்கூட ஒருவரும் வாசிப்பதில்லை, ஓரத்தில் அதை மூடுகிற பெருக்கல்குறி எங்கே என்றுதான் கண் தேடுகிறது.

இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை, என் வீட்டிலேயே நடந்தது. என் அக்கா மகன் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறான். கடைசி வருஷத்துக்கு ஒரு கேம் செய்தான், செங்கோட்டையில் தக்காளி ஏற்றிய லாரி புளியரை எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு தாண்டி, தக்காளி சிந்தாமல் புனலூர் போய்ச் சேர வேண்டும். எனக்குக் கேட்டதுமே பிடித்துவிட்டது. ஆனால் கேமைத் திறந்தால் லாரி கிளம்புவதற்கு முன்னால் பதினோரு விளக்கப் பெட்டி. இது ஆக்சிலேட்டர், இது பிரேக், வேகத்தடையில் மெதுவாகப் போகவும், வளைவில் வேகம் குறைக்கவும். ஏன்டா இவ்வளவு என்றால், “மதிப்பெண்ல டுட்டோரியலுக்குத் தனியா மார்க் இருக்கு மாமா” என்கிறான், விளையாடச் சொல்லித் தருகிற பகுதிக்கு அதுதான் பெயர். எங்கள் தெருவில் பாட்டி வீட்டுக்கு லீவுக்கு வந்திருந்த ஒரு பெண் குழந்தை, ஏழு வயசு, கொல்லம் பக்கம் பள்ளிக்கூடம், மலையாளம்தான் பேசும். அவளிடம் போனைக் கொடுத்தோம். பதினோரு பெட்டியையும் பதினோரு வினாடியில் மூடினாள், லாரியை முழு வேகத்தில் விட்டாள், எல்லாத் தக்காளியும் ரோட்டில். இரண்டு முறை அப்படியே செய்துவிட்டு போனைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மருமகனுக்கு முகமே செத்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி அவனை மாரியோ முதல் ஸ்டேஜை விளையாட வைத்து, ஒவ்வொரு இடமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். பிறகு தாளை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். பெட்டிகளை எல்லாம் எடுத்தோம். இப்போது கேம் திறந்தால் லாரி நேரான ரோட்டில் நிற்கிறது, வண்டி முகம் மலையைப் பார்த்து இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன மேடு, வேகமாக ஏறினால் தக்காளி துள்ளி ஒன்றே ஒன்று கீழே விழும், ரோட்டோரம் நிற்கிற மாடு அதைத் தின்னும். ஒரு தக்காளி போனால் ஒன்றும் ஆகாது, ஆனால் விழும் என்று தெரிந்துவிட்டது. அடுத்து அதே மேடு இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். அப்புறம் மேடு இல்லாத ஒரு வளைவு, ஓரத்தில் அகலமாக மண் தரை, தவறினாலும் மண்ணில் இறங்கி ஏறிக்கொள்ளலாம். அப்புறம் வளைவுக்குள்ளேயே மேடு. அதற்கும் அப்புறம்தான் பள்ளத்தாக்கு தெரிகிற எஸ் வளைவு, அங்கே மண் தரை கிடையாது.

இதைச் செய்தபோதுதான் கோயிச்சி ஹயாஷிடா என்ற நிண்டெண்டோ வடிவமைப்பாளர் பேசியது அவனுக்குப் புரிந்தது. ஒரு ஸ்டேஜுக்குள் நாலு படி என்பார் அவர், முதலில் அறிமுகம், அடுத்து வளர்ச்சி, மூன்றாவது எதிர்பாராத திருப்பம், கடைசியில் முடிவு. பழைய சீனக் கவிதையிலிருந்து வந்து ஜப்பானில் நாலு கட்டச் சித்திரக் கதை வரைகிறவர்கள் கையாளும் முறை. அவனுக்கு இதை வகுப்பில் ஸ்லைடில் காட்டியிருக்கிறார்கள், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஆனால் தன் லாரிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் அவன் கையைப் பிடித்துத் தாளில் வரைய வைக்கவில்லை. டூம் ஜன்னலையும் சேர்த்துக்கொண்டோம். கழுதுருட்டி பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் பதின்மூன்று கண் ரயில் பாலம் தெரியும், இந்தப் பாதையில் போனவர்கள் அறிவார்கள். கேமில் லாரி அந்த வழியாகப் போகும்போது பாலத்தின் மேல் ஒரு ரயில் எஞ்சின் நிற்பது தெரியும், ஓட்ட முடியாது. மூன்று சரக்கு சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அதில் ஏறலாம். இதையும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே குழந்தையிடம் கொடுத்தோம். மருமகன் வாயைத் திறக்கப் போனான், நான் அவன் தொடையில் தட்டி நிறுத்தினேன். முதல் மேட்டில் தக்காளி விழுந்தது, மாடு தின்றது, அவள் சிரித்தாள். இரண்டாவது மேட்டில் விரலை எடுத்துவிட்டு மெதுவாகப் போனாள். அந்த விரல் எடுத்ததைப் பார்த்ததும் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. அரை மணி நேரம் ஆடினாள், எஸ் வளைவில் நாலு தடவை கவிழ்ந்தாள், ஒரு தடவைகூடப் போனைக் கீழே வைக்கவில்லை. பிறகு தன் தம்பியை உட்கார வைத்து விளையாடச் சொன்னாள், அவன் மேட்டில் வேகமாகப் போகப் பார்த்தபோது எதுவும் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இந்தத் துறை பற்றி எழுதும்போது சம்பளத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது ஒரு ஸ்டேஜை அக்கக்காகப் பிரித்துக் காட்டக் கொடுங்கள். தமிழில் அப்படி எழுதுகிறவர்களைத் தேடிப் பிடியுங்கள், எங்கள் மாதிரி ஊர்களில் இங்கிலீஷ் வீடியோ பார்த்துப் பாதி புரிந்து பாதி புரியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நிறைய. தென்காசியிலும் கொல்லத்திலும் கேம் படிப்பு நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், முதல் மாதம் கம்ப்யூட்டரைத் திறக்க விடாமல் மாணவர்களிடம் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் கொடுத்து, பழைய கேம் ஒன்றின் முதல் ஸ்டேஜை அப்படியே வரையச் சொல்லுங்கள், குழாய் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பெட்டி போட்டு விளக்குவதற்கு மார்க் கொடுப்பதை விட்டு, பெட்டி இல்லாமல் ஒரு குழந்தைக்குப் புரிந்தால் மார்க் கொடுங்கள்.

அந்தக் கட்டுரையை எழுதியவர் இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வரச் சொல்லுங்கள். பெரியப்பாவின் செட்டில் ஒன்று இன்னும் ஓடுகிறது, டேங்க் கேசட்டும் இருக்கிறது. என் நோட்டில் இருக்கிற ஸ்டேஜ் ஒன்றைக் கட்டி வைக்கிறேன். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் சுடுகிற பட்டனை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
செங்கோட்டை வாசகர்